ஏழு சதவீதம் என்றால் ஏழு நாளா?

நான் ஜெராக்ஸ் கடைக்காரன். திண்டுக்கல் பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்து இடதுபக்கம் நடந்தால் ஒரு லாட்ஜ், ஒரு மருந்துக்கடை, தோல் பெல்ட் விற்கிற பாய் கடை, அதற்கு அடுத்தது நான். அரசு வேலைக்குப் படிக்கிறவர்கள் பாதிப்பேர் என் கடைக்குத்தான் வருவார்கள். 'ஒரு ஊரில் 40 சதவீதம் பேர் பெண்கள் எனில்' என்று ஆரம்பிக்கிற கணக்குகள் என் மெஷினின் கண்ணாடிமேல் எத்தனையோ ஆயிரம் தடவை குப்புறப் படுத்து எழுந்திருக்கின்றன. எல்லாம் தாளில் நகல் ஆனதோடு சரி. என் மண்டைக்குள் ஒன்றுகூட ஆகவில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கியது முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தும் வட்டம் வரைந்ததற்கும் கிராஃப் போட்டதற்கும் கிடைத்தது. பென்சிலை நன்றாகச் சீவி வைத்திருந்தேன் என்பதைத் தவிர அதில் என் பங்கு எதுவும் இல்லை. வாக்கியமாக வருகிற கணக்கைப் பார்த்தால் இன்றைக்கும் முதலில் காது சுடும், அடுத்து நாக்கு வறளும், மூன்றாவதாக அவசரமாக ஒன்றுக்கு வரும். இந்த வரிசை மாறியதே இல்லை. நாற்பத்தெட்டு வயதில், சொந்தக் கடையில், யாரும் பரீட்சை வைக்காதபோதும் இப்படித்தான்.

அதற்காகச் சதவீதமே தெரியாதவன் என்று என்னை ஒதுக்கிவிட முடியாது. மெஷினில் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இருப்பது சதவீதம்தான். நூறு என்றால் உள்ளபடி. எழுபத்தைந்து என்றால் முக்கால். ஒரு தாளை முக்காலாகக் குறைத்துவிட்டு, அந்தச் சின்ன நகலை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 125 அழுத்தக் கூடாது. இருபத்தைந்து குறைத்தோம், இருபத்தைந்து கூட்டுவோம் என்று தோன்றும். அழுத்தினால் ஓரமெல்லாம் வெள்ளையாக நிற்கும். 133 அழுத்த வேண்டும். ஏன் என்று கேட்டால் தெரியாது. விரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பரீட்சை நேரத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி 'மைக்ரோ' கேட்டு வருகிறவர்களுக்கு எவ்வளவு குறைத்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியும் என்பதும் என் விரலுக்குத் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது. மனைவி ஆசிரியர் ஆகப்போகிறவள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு, பையனை வளர்த்து, அவன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு, 'இனிமே என் முறை' என்று பி.எட். சேர்ந்தாள். ஆத்தூர் போகிற சாலையில் இருக்கிறது அவளுடைய கல்லூரி. வகுப்பில் இவளைப் புதிதாக வந்த டீச்சர் என்று நினைத்து முதல்நாள் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். கன்னிவாடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில், இந்த வருடம் தேர்வை முடித்துவிட்டால் வரலாறு நடத்தும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடம் வரை காத்திருக்கமாட்டோம் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள்.

இதற்குள் நான் என் காலை உடைத்துக்கொண்டேன். மேல்தட்டில் இருந்த தாள் கட்டை எடுக்கப் பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். வலது கணுக்காலில் மாவுக்கட்டு. என்னைக் குளிக்க வைக்கவும், கடையைத் திறந்து பார்த்துக்கொள்ளவும் அவள் இருபத்திரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. ஏற்கெனவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து நாள் போயிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கல்லூரிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கடை வாசலில் நின்றாள்.

"ஏங்க, வருகைப் பதிவு ஒட்டிட்டாங்க. எனக்கு அறுபத்தெட்டு சதவீதம் போட்டிருக்கு."

"எம்புட்டு வேணுமாம்?"

"எழுபத்தஞ்சு. அதுக்குக் கீழ இருந்தா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம். அடுத்த வருஷம் வந்து மறுபடி உக்காரணுமாம்."

என் காது சுட ஆரம்பித்தது. ஆனால் பக்கத்துக் கடையிலிருந்து பாய் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பார்க்கும்போது எனக்குத் தைரியம் வந்துவிடும். அது என் பெரிய வியாதி.

"இம்புட்டுதானா? எத்தன நாள் காலேஜ் நடந்திருக்கு?"

"நூறு நாள்."

"நீ போனது அறுபத்தெட்டு. எழுபத்தஞ்சுக்கு ஏழு குறையுது. ஏழு சதவீதம்னா ஏழு நாள். இன்னும் எத்தன நாள் காலேஜ் இருக்கு?"

"முப்பத்தாறு."

"ஏழு நாள் ஒழுங்காப் போ. மிச்ச நாள் உன் இஷ்டம்."

"நெசமாவா சொல்றீங்க?"

"நூறுல ஏழு! இதுக்குப் போயி எவனாச்சும் வாத்தியாருகிட்ட கேப்பானா?"

எந்தப் போர் எந்த வருடம் நடந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் கணக்கில் அவளும் என்னைப் போலத்தான், வட்டம் வரைந்து வந்தவள். முகம் தெளிந்தது. பாயும் தலையை ஆட்டினார். மூன்று பேர் ஒத்துக்கொண்டால் அது கணக்கு என்றே நினைத்துவிட்டோம்.

அடுத்த நாள் கல்லூரி விடுமுறை. என் தங்கையிடமிருந்து போன் வந்தது. தொப்பம்பட்டிக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புதுவீடு கட்டி முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கிறார். எங்கள் பக்கத்தில் தங்கை வீடு மந்திரித்தால் அண்ணன் சீர் கொண்டு போக வேண்டும். அந்தச் சீர்த்தட்டில் முதல் தட்டை அண்ணன் மனைவிதான் எடுத்துக்கொண்டு வாசற்படி ஏற வேண்டும். அவள் இல்லாமல் நான் மட்டும் போனால், வந்த கூட்டம் வீட்டைப் பார்க்காது, 'ஏன் வரல? என்ன சண்ட?' என்று எங்களைத்தான் பார்க்கும்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் மனைவி, "காலேஜ் இருக்கே" என்று இழுத்தாள்.

தங்கை விடவில்லை. பழனிப் பக்கம் போய் இருபது வருடத்தில் அவள் பேச்சே மாறிவிட்டது. "ஏனுங்கண்ணி, வியாழக்கிழமையே வந்தாத்தானுங்க தட்டெல்லாம் அடுக்க முடியும்? நீங்க வராம சீரு வந்தா எங்க மாமியா என்னய என்ன கேப்பாங்க? அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா!"

அண்ணன் சொன்னான். "வியாழன், வெள்ளி ரெண்டே நாளு. முப்பத்தாறுல ரெண்டு போனா முப்பத்துநாலு. வேண்டியது ஏழு. நான் கணக்குப் போட்டுட்டேன், வாரோம்!"

வீடு மந்திரிப்பு நன்றாகவே நடந்தது. சாமியார் ஒவ்வொரு அறையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். சமையல்கட்டில் தெளித்தபோது, "சாமி, கரண்டிமேல கூடக்கொஞ்சம் தெளிங்க, ருசியே வர மாட்டேங்குது" என்றேன். தங்கை முறைத்தாள், மற்றவர்கள் சிரித்தார்கள். மனைவி பட்டுப்புடவையில் முதல் தட்டை ஏந்திப் படி ஏறினாள். வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு லேசாகத் தலைவலி. நான் மிகப் பெருந்தன்மையாக, "முடியலன்னா லீவு போடேன். ஏழு நாள்தான வேணும்?" என்றேன். அவள் என்ன நினைத்தாளோ, நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தத் தைலத்துக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கு எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு அது கட்டாய ஓய்வு நாள். நானும் பாயும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

பதினோரு மணி வாக்கில் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து அம்மா ஒருத்தர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறவர், என் வாடிக்கை. கரண்ட் இல்லை என்றதும், "அடக் கடவுளே" என்று மாதிரி வினாத்தாளால் விசிறிக்கொண்டார். வெறும் பேச்சுக்கு, கொஞ்சம் பெருமைக்கும்தான், என் மனைவியின் கணக்கை அவரிடம் சொன்னேன். நூறு நாள், அறுபத்தெட்டு, ஏழு குறை, ஏழு நாள்.

அவர் விசிறுவதை நிறுத்தினார்.

"ஏனுங்கண்ணா, ஏழு நாளு எப்படீங்க பத்தும்?"

"ஏன் பத்தாது?"

"அக்கா ஏழு நாளு போனா, போன நாளு மட்டும் கூடாதுங்க. காலேஜ் நடந்த நாளுமில்லீங்க கூடுது? மேலயும் ஏழு சேரும், கீழயும் ஏழு சேருமுங்க."

"கீழ எதுக்குச் சேரணும்? நாம போறது மேலதான?"

"போற நாள x-ன்னு வச்சுக்குங்க. மேல ஒரு x, கீழ ஒரு x. போட்டுப் பாருங்க, தெரியும்." ஜெனரேட்டர் வைத்திருக்கிற கடையைத் தேடி அவர் போய்விட்டார்.

x என்றாரே, அது போதும். காது, நாக்கு இரண்டும் முறைப்படி ஆகி, மூன்றாவதுக்காக லாட்ஜ் கழிவறை வரை ஒரு நடை போய்வந்தேன். திரும்பி வந்து, வீணாய்ப் போன ஒரு தாளின் பின்பக்கத்தை எடுத்தேன்.

"ஏலே, வேண்டாம்யா. உனக்கு வேர்க்குது" என்றார் பாய்.

"கரண்ட் இல்ல, வேர்க்குது."

"கரண்ட் இல்லாம எனக்கு வேர்க்கலையே?"

முதலில் x இல்லாமலே போட்டுப் பார்த்தேன். போன இரண்டு நாள் லீவையும் சேர்த்தால் கல்லூரி நடந்தது நூற்றிரண்டு நாள். அவள் போனது அதே அறுபத்தெட்டு. போன் கால்குலேட்டரில் வகுத்தேன். 66.67 வந்தது.

"பாய், அறுபத்தெட்டு இருந்துச்சு. இப்ப அறுபத்தாறே முக்காக்கிட்ட நிக்குது. நாங்க எதையும் எடுக்கலையே, அது பாட்டுக்கு எப்படிக் குறைஞ்சுச்சு?"

"நீங்க தட்டு தூக்கிட்டுப் போன ரெண்டு நாளும் காலேஜ் உங்களுக்காக நின்னுச்சாக்கும்? அது நடந்துக்கிட்டேதான இருந்துச்சு."

சரி என்று மேலும் கீழும் ஏழைச் சேர்த்தேன். மேலே எழுபத்தைந்து, கீழே நூற்றொன்பது. 68.8.

நான் கால்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பாயுடைய போனிலும் போட்டேன். இரண்டு போனும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதிலைச் சொல்லின. ஏழு நாள் ஒழுங்காகப் போனால், விட்ட இடத்தைத் தாண்டி ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"யா அல்லா" என்றார் பாய். "அப்ப எத்தன நாள்தான் போகணும்?"

அதுதான் தெரியவில்லை. தெரியாத அந்த எண்ணிக்கைக்குத்தான் அந்த அம்மா x என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். இத்தனை வருடம் நான் x-ஐ ஏதோ போலீஸ்காரர் மாதிரி நினைத்துப் பயந்திருக்கிறேன். அது பாவம், பெயர் தெரியாத ஆளுக்கு நாம் வைக்கிற 'அந்தாளு' மாதிரிதான். அந்தாளு யாரென்று தெரியாது, ஆனால் மேலே ஒரு தடவை நிற்கிறான், கீழே ஒரு தடவை நிற்கிறான். இரண்டு இடத்திலும் ஒரே ஆள். எழுதினேன். மேலே 68 + x. கீழே 102 + x. இரண்டையும் வகுத்தால் நூற்றுக்கு எழுபத்தைந்து வர வேண்டும்.

பிறகு குறுக்காகப் பெருக்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் குறுக்குக் கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்து அழகாகப் போடுவேன். இந்தப் பக்கம் நூறைப் பெருக்கினால் 6800 + 100x. அந்தப் பக்கம் எழுபத்தைந்தைப் பெருக்கினால் 7650 + 75x. எழுபத்தைந்து அந்தாளை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கூட்டிவந்து கழித்தால் இருபத்தைந்து அந்தாள் மிச்சம். எண்களில் மிச்சம் 850. எண்ணூற்றைம்பதை இருபத்தைந்தால் வகுத்தேன்.

முப்பத்து நான்கு.

பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக x-ஐப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். "பாய், வந்துருச்சு! முழுசா வந்துருச்சு, புள்ளி வைக்காம!" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"முப்பத்துநாலு வந்துருக்கு, சரி. காலேஜ் இன்னும் எத்தன நாள் இருக்கு?"

உட்கார்ந்தேன். முப்பத்தாறில் இரண்டு போக முப்பத்து நான்கு. வேண்டியது முப்பத்து நான்கு, இருப்பதும் முப்பத்து நான்கு. இனி ஒரு நாள், ஒரே ஒரு நாள் போகவில்லை என்றால் முடிந்தது.

கை சும்மா இருக்கவில்லை. அந்த இரண்டு நாள் லீவு போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டேன். கீழே நூற்றிரண்டுக்குப் பதில் நூறு. விடை இருபத்தெட்டு. முப்பத்தாறு நாள் கையில் இருக்க, இருபத்தெட்டு நாளே போதுமாக இருந்திருக்கும். எட்டு நாள் இடைவெளி இருந்தது. இரண்டு நாள் விருந்து எட்டு நாளையும் தின்றுவிட்டது. நான் அங்கே கரண்டியைப் பற்றிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மெஷினின் 133 ஞாபகம் வந்தது. முக்காலாகக் குறைப்பது பெரிய தாளில் நடக்கிறது. திரும்பக் கூட்டுவது சின்னத் தாளில் நடக்கிறது. சதவீதம் என்று சொன்னால் போதாது, எந்தத் தாளில் என்று கேட்க வேண்டும். என் விரலுக்கு இது வருடக்கணக்காகத் தெரியும். நான் என் மனைவியின் ஏழு சதவீதத்தை அந்தப் பழைய நூறு நாள் தாளிலேயே போட்டுவிட்டேன். அவளுடைய தாளோ தினமும் ஒரு நாள் நீளமாகிக்கொண்டே போகிறது. விரலைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நான் வாயைக் கேட்டேன்.

சாயங்காலம் அவள் வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சுக்குக்காப்பி போட்டு வைத்தேன். அவள் கதவைத் திறந்ததும் கொஞ்சம் நொண்டி நடந்தேன். இரக்கம் வரட்டுமே என்று ஒரு யோசனைதான்.

என் காலையே பார்த்தாள். "உடஞ்சது அந்தக் கால் இல்ல."

காலை மாற்றிக்கொள்ள நேரமில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாளையும் கையில் கொடுத்தேன். அவள் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, தாளை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

"இந்த நூத்திரண்ட நூத்திமூணுன்னு போட்டா?"

போட்டாள். அவளும் குறுக்காகப் பெருக்கினாள். முப்பத்தேழு வந்தது.

"நூறுன்னா இருபத்தெட்டு. நூத்திரண்டுன்னா முப்பத்துநாலு. நூத்திமூணுன்னா முப்பத்தேழு." பென்சிலைக் கன்னத்தில் தட்டினாள். "ஒரு நாள் போகாட்டி மூணு நாள் கூடப் போகணும். அப்படித்தான வருது?"

நான் அதைக் கவனிக்கவே இல்லை. பார்த்தால் அப்படித்தான் வந்தது. எழுபத்தைந்து என்றால் வந்தது மூன்று, வராதது ஒன்று. வராத ஒவ்வொரு ஒன்றுக்கும் வந்த மூன்று துணைக்கு நிற்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அது ஒரு வினோதப் பொருளைக் கண்டெடுத்த மாதிரி இருந்தது. கொஞ்சநேரம் வேறு எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். எண்பது சதவீதம் கேட்கிற கல்லூரியாக இருந்தால் ஒன்றுக்கு நான்கு.

அப்புறம்தான் அவளுக்குக் கண் நிறைந்தது.

"ஏங்க, முப்பத்துநாலு நாளு தொடர்ந்து காய்ச்சல் வராம, பஸ்ஸு நிக்காம எப்படிங்க? நான் இந்த வயசுல போயி..." என்றவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. இன்னிக்கு ஒண்ணு முடிஞ்சுது. முப்பத்துமூணு. ஒண்ணு மட்டும் சொல்றேன். இனிமே உங்க வாயில சதவீதம்னு ஒரு சொல்லு வரக்கூடாது."

"நூத்துக்கு நூறு வராது" என்றேன். தலையணை பறந்து வந்தது.

ஒரு தாளில் முப்பத்து நான்கு கட்டம் போட்டு, 141 அழுத்திப் பெரிசாக்கி, ஃபிரிட்ஜ்மேல் ஒட்டினேன். தினமும் சாயங்காலம் வந்து ஒரு கட்டத்தை அடித்தாள். நான் ஸ்டூல் பக்கமே போகவில்லை. தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மினேன். தங்கை போன் செய்து, புதுவீட்டில் ஒருநாள் வந்து தங்குங்கள் என்றபோது, "அம்மா, ஒரு நாளுக்கு மூணு நாள் ஆவுது" என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று என் மனைவிக்குத் தனியாகப் போன் செய்து விசாரித்தாளாம்.

இருபத்து மூன்று கட்டம் அடித்தாயிற்று. இருபத்து நான்காம் நாள் காலை மழை கொட்டியது. ஆத்தூர் அணை வற்றிக் கிடந்த வருடம் அது. ஊரே வாசலில் நின்று மழையை வேடிக்கை பார்த்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்று போனில் செய்தி வந்தது.

"நல்லதாப் போச்சு" என்றேன். "லீவு எல்லாருக்கும்தான? நீ போகாத நாள்னு விழாது. ஒண்ணும் ஆகாது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏழு நாள் என்று சொன்ன வாய் அல்லவா? பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மொத்தம் நூற்று முப்பத்தாறு நடக்க வேண்டியது, இனி நூற்று முப்பத்தைந்து. அவள் மிச்சம் எல்லா நாளும் போனால் நூற்றொன்று. எழுபத்தைந்து சதவீதத்துக்கு வேண்டியது நூற்றொன்றேகால்.

74.81.

"ஒரு நாள்ல கால்வாசி குறையுதுங்க" என்றாள்.

ஊரில் எல்லோரும் மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஜன்னல் ஓரத்தில் துக்கம் காத்தோம். ஒரு நாளில் கால்வாசிக்கு ஒரு வருடமா? பாயிடம் சொன்னேன். "அம்புட்டுக்கும் மழ வேணாம்னு துஆ கேக்கச் சொல்றியா? என் சம்சாரம் என்னய வீட்டுக்குள்ள விடமாட்டா, கிணத்துல தண்ணி இல்ல" என்றார்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் அவள் கேட்டாள். 74.81-ஐ எழுபத்தைந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். "கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா. எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சு" என்றாராம்.

இந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் காது சுட்டு, நாக்கு வறண்டு, வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் வகுப்புக்குப் போய், யாரெல்லாம் எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். கரும்பலகையில் x போட்டு ஒவ்வொருவருக்கும் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். இன்னும் நான்கு பேர் அந்த மழை நாளால் கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தார்கள், அதுவரை தெரியாமலே. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவள் ஒருத்தி என்று ஆளுக்கொரு காரணம். ஐந்து பேரும் சேர்ந்து, மழைக்குப் போன நாளுக்குப் பதிலாகக் கடைசிச் சனிக்கிழமை வகுப்பு வைக்கும்படி ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். ஐந்து பேருடைய கணக்கும் கீழே இணைப்பு. எங்கள் கடையில்தான் நகல் எடுத்தது. அவசரத்தில் முதல் நகல் கோணலாக வந்தது.

முதல்வர் அம்மா விண்ணப்பத்தை விட்டுவிட்டு இணைப்பைத்தான் வெகுநேரம் படித்தாராம். "ஹிஸ்டரி மேஜர்தான நீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை வேலைநாள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

மிச்சக் கட்டங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன. கடைசிக் கட்டம் அந்தச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வானம் கறுத்தது. விடிந்தபோது மழை. நான் ஆறு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். செய்தி வந்தது. 'திண்டுக்கல் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு' என்ற இடத்தில் என் நாக்கு வறண்டது. அடுத்த இரண்டு சொல்லையும் அவள்தான் வாங்கிப் படித்தாள்.

"பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை. மட்டும்! எந்திரிங்க, போலாம்."

பஸ்ஸை நம்பாமல் கடையை அடைத்துவிட்டு நானே வண்டியை எடுத்தேன். மழைக்கோட்டு ஒன்றுதான் இருந்தது, அவள் போட்டுக்கொண்டாள். ஆத்தூர் சாலையில் இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"மெல்லப் போங்க. மறுபடி கால ஒடிச்சுக்காதீங்க. ஒடிச்சாலும் எறக்கி விட்டுட்டு ஒடிங்க."

வகுப்பில் பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள். விண்ணப்பம் எழுதிய ஐந்து பேரும் முதல் வரிசையில். நான் வராந்தாவில் நனைந்த கோழி மாதிரி நின்று, பேர் கூப்பிடும்போது அவள் "ப்ரசண்ட் மேடம்" என்று சொல்வதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். நூற்று முப்பத்தாறில் நூற்றிரண்டு. அலுவலகக் கம்ப்யூட்டரில் 75.00 என்று வந்ததாம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு முட்டை. முட்டை அவ்வளவு அழகாக இருக்கும் என்று என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்த வாரம் ஹால்டிக்கெட் கொடுத்தார்கள். கல்லூரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்து நீட்டினாள். "ஒரு நகல் வேணும், கடக்காரரே."

பாய் கையிலிருந்த பெல்ட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "பெருசா எடுத்துக் கடையில ஒட்டுலே. எம்புட்டு பாடு!"

"அதான?" என்றேன். கண்ணாடிமேல் தாளை வைத்து மூடினேன். விரல் தானாக 133 பக்கம் போனது.

அவள் என் கையை ஒரு தட்டுத் தட்டினாள். "உள்ளது உள்ளபடி எடுங்க."

நூறை அழுத்தினேன்.